மஞ்சள் கடிதாசி கொடுத்தால் வேலையும் போகணுமா?

கடனைக் கட்டவில்லை, மஞ்சள் கடிதாசி (திவால் மனு) கொடுத்தார் என்பதற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்புகிற நிர்வாகங்களின் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. கடன் கொடுத்தவருக்குப் பணம் திரும்பி வர இருக்கிற ஒரே வழி அந்த மாதச் சம்பளம். அதையும் அடைத்துவிட்டு, "பாருங்கள், கட்டவே மாட்டேன் என்கிறான்" என்று சொன்னால் எப்படி?

இரக்கப்பட்டு எழுதுவதாக நினைக்க வேண்டாம். கொஞ்ச காலம் சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். கோர்ட்டிலிருந்து சம்பள ஜப்தி உத்தரவு வந்தால் கணக்குப் போட்டுப் பிடித்து அனுப்புவது என் வேலை. இந்தியாவில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஜீவனாம்ச வழக்கு தவிர மற்றக் கடன்களுக்கு, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது. மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. 31,000 ரூபாய் சம்பளம் என்றால் 10,000 ரூபாய் வரைதான் பிடிக்கலாம், 21,000 அவர் கைக்குப் போக வேண்டும். அதுவும் ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் பிடித்தாகிவிட்டால், அந்தத் தீர்ப்பைக் காட்டி மறுபடி சம்பளத்தில் கை வைக்க முடியாது. கடன் கொடுத்தவருக்கும் வழி, கட்ட வேண்டியவர் வீட்டில் உலை கொதிக்கவும் வழி. அந்த ஆள் வேலையில் இருப்பார் என்று நம்பித்தான் சட்டமே இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது.

ஒருமுறை அப்படி ஓர் உத்தரவு வந்தது. என் மேஜைக்கு வருவதற்கு முன்பே தபால் பிரிவிலிருந்து மாடி வரை செய்தி போய்விட்டது. யாருடைய சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி வந்ததோ, அவர் ஸ்டோர்ஸில் இருந்தவர். பல வருட சர்வீஸ், ஸ்டாக் கணக்கில் ஒரு சின்னக் குறை வந்ததில்லை. அந்தக் கடன்கூட அவர் வாங்கியதில்லை, சொந்தக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது. மறுநாளே மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே அவர் கையில சாவி இருக்கலாமா?" என்றார். அவராக எந்த உத்தரவும் போடவில்லை. சாவி மட்டும் வேறு ஒருவரிடம் போனது. அதன் பிறகு ஸ்டோர்ஸில் எது காணாமல் போனாலும் முதல் பார்வை அவர் மேல். ஒரு மாதத்தில் அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கோர்ட் உத்தரவுக்கு "மேற்படி நபர் தற்போது பணியில் இல்லை" என்று பதில் தயாரித்ததும் நான்தான். வழக்குப் போட்டவருக்கு அதற்கப்புறம் எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை.

சாவியைப் பற்றிய அந்தக் கேள்விதான் எல்லா இடத்திலும் ஓடுகிறது. கடனில் இருப்பவன் கை வைப்பான் என்கிற பயம். கேட்கும்போது சரிதானே என்று தோன்றும். ஆனால் ஆதாரம்? அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கடன் அறிக்கை (ஒருவர் வாங்கிய கடன், கட்டிய விதம் பற்றிய பதிவு) பார்ப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தபோது, 2010-ல், அந்த அறிக்கைகளைத் தயாரித்து விற்கிற டிரான்ஸ்யூனியன் நிறுவனத்தின் பிரதிநிதி சட்டமன்ற உறுப்பினர்கள் முன்னால் பேசினார். கடன் அறிக்கையில் இருப்பதற்கும் ஒருவர் வேலை பார்க்கிற லட்சணத்துக்கும், மோசடி செய்கிற வாய்ப்புக்கும் தொடர்பு உண்டு என்று காட்டுகிற ஆய்வு எதுவும் தங்களிடம் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அறிக்கையை விற்கிற கம்பெனியே சொல்கிறது! நம்மூரில் கடன் அறிக்கையும் ஸ்கோரும் தருகிற சிபில் நிறுவனத்தின் முழுப்பெயரில் முன்னால் நிற்பதும் அதே டிரான்ஸ்யூனியன்தான்.

அந்த ஸ்கோர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இவருக்குக் கடன் கொடுத்தால் தவணை ஒழுங்காக வருமா, வராதா. ஆஸ்பத்திரிச் செலவில் முழுகியவருக்கும் சூதாடித் தோற்றவருக்கும் அதில் ஒரே மாதிரிதான் எண் இறங்கும். காரணம் எழுத அந்த எண்ணில் இடமில்லை.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. திவால் மனு கொடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காகத் தனியார் முதலாளி ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று திவால் சட்டத்தின் 525-ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் புதிதாக வேலை கேட்டு வருகிறவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்பதை அரசு வேலைக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். தனியார் கம்பெனிகளுக்கு அது பொருந்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் சொல்லிவிட்டன. உள்ளே இருப்பவரை வெளியே தள்ளக் கூடாது, வெளியே நிற்பவருக்குக் கதவைத் திறக்காமல் இருக்கலாம். 1968-ல் வந்த இன்னொரு சட்டமும் அப்படித்தான்: ஒரு கடனுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் வந்தால் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. இரண்டாவது கடனுக்கு வந்தால்? அந்தப் பாதுகாப்பு இல்லை. கடனில் மாட்டியவர்களில் எத்தனை பேர் ஒரே ஒரு கடனோடு நிற்கிறார்கள்?

சரி, இந்தியாவுக்கு வருவோம். மத்திய அரசு ஊழியர்களின் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 17-ஆம் விதி, வழக்கமாகக் கடனில் உழல்வதும் திவால் ஆவதும் நேராதபடி சொந்த விவகாரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. வழக்கு வந்தால் உடனே முழு விவரத்தையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இதுவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதன் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது: இந்த நிலைமை தன் கையை மீறி வந்தது, ஊதாரித்தனத்தால் வந்ததில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு ஊழியருடையது. அதாவது முதலில் ஊதாரி என்று வைத்துக்கொள்வார்கள், இல்லை என்று நீங்கள் காட்ட வேண்டும்.

வங்கி வேலை இன்னும் மோசம். 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, திவாலானவர் என்று இப்போது மட்டுமில்லை, எப்போதாவது அறிவிக்கப்பட்டிருந்தாலும் எந்த வங்கியும் அவரை வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரும் அதே வாக்கியத்தில்தான் வருகிறார். இருபத்தைந்து வயதில் தொழில் நொடித்து, அப்புறம் எல்லாவற்றையும் அடைத்து திவாலிலிருந்து விடுதலை வாங்கியவரும் திருடி ஜெயிலுக்குப் போனவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

2025-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வாகி நியமன உத்தரவும் வாங்கிய ஒருவருடைய சிபில் அறிக்கையில் பழைய தவணைத் தவறுகள் தெரிந்ததால் நியமனத்தை ரத்து செய்தார்கள். கடன்களை அடைத்தாகிவிட்டது என்பது அவர் வாதம். பொதுமக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் நிதி ஒழுங்கு வேண்டும் என்கிற வங்கியின் வாதத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தேர்வு அறிவிப்பிலேயே அந்த நிபந்தனை இருந்ததால் தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது. அந்த நிபந்தனையோடுதான் எனக்குச் சண்டை. கஷ்டப்பட்டு அடைத்தவருக்கும் ஏமாற்றிவிட்டு ஓடியவருக்கும் ஒரே பதில் என்றால், அடைத்து என்ன பிரயோஜனம்?

கடன் விஷயத்தில் யாரையும் வேலையை விட்டு எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கீழே வேலை பார்ப்பவர்களிடம் கைமாற்று வாங்கித் திருப்பித் தராத அதிகாரி, வாடிக்கையாளரிடம் கடன் கேட்கிற காசாளர், விண்ணப்பத்தில் பொய் எழுதியவர், இவர்களை விசாரித்து நடவடிக்கை எடுக்கட்டும். அது நடத்தை. கடன் என்பது நிலைமை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களை மனிதவளப் பிரிவில் உட்கார வைக்கக் கூடாது.

இப்போது அந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு. ரெகவரி ஆட்கள் ஆபீஸ் போர்டு நம்பருக்கே போன் போட்டு, எடுத்தவரிடமெல்லாம் உங்கள் பாக்கியைச் சொல்கிறார்களா? அது வசூல் இல்லை, அத்துமீறல். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது, கடன் வாங்கியவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கால் வந்த தேதி, நேரம், நம்பர் எல்லாவற்றையும் குறித்துவைத்து, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் ஒழுங்கான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) போகலாம், கட்டணம் கிடையாது. வழக்கு வந்திருந்தால், விதி சொல்கிற இடங்களில், நிர்வாகத்துக்கு நீங்களே முதலில் தெரிவித்துவிடுங்கள். மறைத்தார் என்று எழுத அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்காதீர்கள்.

முக்கியமாக, கூச்சப்பட்டு ராஜினாமா எழுதாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் நிர்வாகமே எழுத்தில் தரட்டும். காரணம் என்கிற இடத்தில் என்ன போடுகிறார்கள் என்று பார்ப்போம்.