காலி பூமி என்று எழுதியிருக்கிறார்கள்

எங்கள் வீட்டுக்கு மேற்கே இட்டேரி என்ற மண்தடம் முடியும் இடத்தில் ஒரு வெள்வேல மரம் நிற்கிறது. போன வாரம் அந்த மரத்தில் ஒரு தகரப் பலகையை ஆணி வைத்து அடித்துவிட்டார்கள். 'காலி பூமி விற்பனைக்கு. 7 ஏக்கர். தார் ரோட்டுக்கு மிக அருகில். பிரித்தும் தரப்படும்.' கீழே புரோக்கரின் கைபேசி எண். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன். வண்டியை நிறுத்திவிட்டு அந்த நான்கு வரியையும் இரண்டு மூன்று முறை படித்தேன். விற்பனை என்ற சொல்கூட அவ்வளவு வலிக்கவில்லை. காலி என்று எழுதியிருந்ததுதான் தாங்கவில்லை.

அது எங்கள் மாமாவின் கொறங்காடு. வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கத்தில் மானாவாரி மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம். ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் புறம்போக்கு வேறு. இது பட்டா நிலம், குடும்பச் சொத்து. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், புல்லுக்கு நடுவே அங்கங்கே வெள்வேல மரம். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அதற்குக் கொறங்காடு என்று பெயர். இப்படிப்பட்ட இரண்டு காடுகளின் வேலிகளுக்கு நடுவே போகும் மண்தடம்தான் இட்டேரி.

இந்த மூன்றிலும் எனக்கு வேலியின் மேல்தான் பிரியம் அதிகம். கிளுவையைப் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நெருக்கமாக நடுவார்கள். அது துளிர்த்து, ஒன்றோடொன்று பின்னி, ஆட்டுக்குட்டியின் தலைகூட நுழையாத அளவுக்கு அடைந்து வரப் பல ஆண்டுகள் ஆகும். மாமாவின் வேலியை நட்டவர் அவருடைய அப்பாரு, அதாவது தாத்தா. சில தூர்கள் இப்போது என் தொடைப் பருமன் இருக்கின்றன. கோடையில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுச் செத்த சுள்ளி போல நிற்கும். ஒரு மழை விழுந்தால் சில நாட்களில் முள்ளுக்கு முள் பச்சை பிடிக்கும். சாம்பிராணி மரமும் குக்குலு மரமும் சேர்ந்த அதே குடும்பத்துச் செடி இது. இளந்துளிரைக் கசக்கி முகர்ந்தால் அந்த வாசம் வரும். சிறு வயதில் ஆடு பார்க்கப் போன எல்லோருடைய விரலிலும் அந்த வாசம் இருந்திருக்கும்.

வேலி அடைசலாக இருந்தால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டியதில்லை. காலையில் படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். மாலையில் அவையே தண்ணீர்த் தொட்டிக்கு வந்து நிற்கும். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றி, மேய்ந்த காட்டை ஆறப் போடுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பதும் உண்டு. அடுத்த மழைக்குப் புல் புதிதாகக் கிளம்பி வரும். ஆள் கூலி கொடுக்க முடியாத ஒரு வறண்ட சீமையில் ஒரு குடும்பம் பத்து உருப்படி மாடும் ஒரு பட்டி ஆடும் வைத்திருக்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

எங்கள் ஊர் மழை மறைவுப் பகுதி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் ஓட்டமாக வரும். மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையை நம்பித்தான் பிழைப்பு. ஆண்டு முழுவதும் பெய்வதைச் சேர்த்தாலும் 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் வரும். அந்த மழைக்கு ஏற்ற புல் கொழுக்கட்டைப் புல். வேர் ஆழமாகப் போகும். மேலே காய்ந்து சருகானாலும் தூர் சாகாது. காய்ந்த புல்லையும் மாடு தின்னும். வெள்வேல மரத்தின் நிழல் அடர்த்தி இல்லாதது, அடியில் புல் வளர்வதைத் தடுக்காது. உதிர்ந்த காயை ஆடுகள் போட்டி போட்டுப் பொறுக்கும். தின்ற காயின் விதை புழுக்கையோடு நிலம் முழுக்கப் போய்ச் சேரும். இவற்றுக்கு நடுவே நரிப்பயறு படர்ந்திருக்கும், செப்புநெருஞ்சி தரையோடு கிடக்கும். இதைத்தான் காலி என்கிறார்கள்.

பலகையைப் பார்த்த அன்று மாலையே மாமாவிடம் போனேன். எதுவும் பேசாமல் என்னைக் காட்டுக்குள் அழைத்துக்கொண்டு போனார். சித்திரைக் கடைசியில் பெய்த மழைக்குப் புல் தூர்களில் அரை விரல் உயரத்துக்குப் பச்சை கிளம்பியிருந்தது. பாதி தூரத்தில் சட்டென்று கையை நீட்டி என்னைத் தடுத்தார். "கண்ணு, காலைப் பார்த்து வை" என்றார். சரளைக் கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை, கொஞ்சம் பள்ளம், நான்கைந்து பொடிக்கற்கள், அவ்வளவுதான். கல்லுக்கும் முட்டைக்கும் நிறத்தில் வேறுபாடே தெரியவில்லை. தலைக்கு மேல் ஆட்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே வட்டமடித்தது. இருவரும் பின்வாங்கிச் சுற்றிப் போனோம். வேலியோரத்தில் கௌதாரிக் கூட்டம் ஒன்று ஓடி மறைந்தது.

மரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார். "எனக்கு எழுபத்து நாலு ஆகிவிட்டது. பையன் திருப்பூரில் கம்பெனி வேலை, பெண் கோயம்புத்தூரில். இரண்டு மாட்டுக்கும் ஒரு கிடேரிக்கும் ஏழு ஏக்கர் எதற்கு என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது?" முன்பு அவரிடம் நாற்பது மயிலம்பாடி ஆடுகள் இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே இரவில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து பதினோரு ஆடுகளைக் கடித்துப் போட்டன. மிச்சத்தை அந்த மாதமே விற்றுவிட்டார். காங்கேயம், வெள்ளகோவில் பகுதியில் இது எத்தனையோ வீட்டில் நடந்திருக்கிறது. இழப்பீடு கேட்டு விவசாயிகள் சாலையில் உட்கார வேண்டி வந்தது. ஆடு போனால் மேய்ச்சல் நிலத்துக்கு வேலை இல்லை என்று பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் தவறு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயுள் முழுக்க மழையைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்த மனிதர் கடைசிக் காலத்தில் கையில் நாலு காசு வேண்டும் என்று நினைப்பது நியாயம்.

விற்பதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. பிரித்துத் தருவதைப் பற்றித்தான் என் பேச்சு முழுவதும்.

பக்கத்துக் காட்டில் நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒரு பொக்லைன் வந்து மூன்று தலைமுறைக் கிளுவையை அரை நாளில் பிடுங்கிக் குவித்தது. அன்று இரவே குவியலுக்குத் தீ வைத்தார்கள். பிறகு சாலை போட்டார்கள், எல்லைக் கல் நட்டு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள், வாசலில் ஒரு வளைவு கட்டினார்கள். வாங்கியவர்களில் ஒருவர்கூட இன்றுவரை வீடு கட்டவில்லை. விலை ஏறட்டும் என்று போட்டுவைத்திருக்கிறார்கள். இப்போது அங்கே சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் மண்டிக் கிடக்கின்றன. மாடு நுழையாது, மனிதன் நுழைய முடியாது. நிலம் உண்மையிலேயே காலியாவது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் அங்கே போய்ப் பார்க்கலாம். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் சாலை போக மிச்ச இடத்தில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பூங்காவில் ஒரு சிமென்ட் பெஞ்ச் இருக்கிறது.

ஏழு ஏக்கராக இருக்கும்வரைதான் இது மேய்ச்சல் நிலம். ஐந்து சென்ட், பத்து சென்ட்டாக நறுக்கிவிட்டால் எந்தத் துண்டிலும் ஒரு கன்றுக்குட்டிகூட மேய முடியாது. வேலியைப் பிடுங்காமல் மனை பிரிக்க முடியாது. வேலி போனால் மாடு கட்ட ஆள் வேண்டும், ஆள் கிடைக்காவிட்டால் மாடும் போய்விடும். போத்து நட்டு மறுபடி வேலி அடைவதற்கு நமக்கு ஆயுள் போதாது.

மாமாவின் பட்டாவில் இந்த நிலம் புஞ்சை என்று மட்டும்தான் இருக்கிறது. புல்லுக்கென்று ஒரு சொல் அதில் இல்லை. நாடு முழுவதற்கும் மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் உள்ள நிலமும் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் தரிசு என்ற தலைப்பின் கீழேயே வருகின்றன. வரி வருமானம் தராத நிலமெல்லாம் வீண் நிலம் என்பது வெள்ளைக்காரன் காலத்து வரிக் கணக்கிலிருந்து நமக்கு வந்த பழக்கம். அதே கண்ணோடுதான் தேங்காய் உலர்த்தும் களத்துக்கு இடம் தேடுகிறவரும், சூரியமின் தகடு பதிக்க இடம் தேடுகிறவரும் எங்கள் காட்டைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் இடம் வேண்டும்தான். ஆனால் அவர்கள் கண்ணுக்கு இங்கே எதுவும் இல்லை என்று தெரிவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் கூடியபோது எத்தனை பதாகைகளில் காங்கேயம் காளையின் படம் இருந்தது! என் தம்பியும் போயிருந்தான். நான் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்து கண் கலங்கினேன். அந்தக் காளை பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாதத்தில் சாம்பல் நிற மயிலையாக மாறி, கொம்பு விரிந்து, திமில் கறுத்து நின்றது இந்தக் கொழுக்கட்டைப் புல்லைத் தின்றுதான். காளையைக் காப்பாற்ற வேண்டும் என்று லட்சக்கணக்கானோர் கேட்டோம். அது மேய்ந்த காடு மனையாகும்போது கேட்க ஊரில் பத்துப் பேர்கூட இல்லை.

என் நண்பர்கள் பலர் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேட்பதுண்டு: "உங்கள் ஊர்ப் பக்கம் இயற்கையான இடமாக ஒரு அரை ஏக்கர் பார்த்துச் சொல்ல முடியுமா?" உங்கள் ஆசை நல்ல ஆசை. என் வேண்டுகோள் ஒன்றுதான். அரை ஏக்கராக வாங்காதீர்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு காட்டை முழுதாக வாங்குங்கள். கூட்டுப் பத்திரமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றையும் பாதையையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வேலியைத் தொடாதீர்கள். ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுத் தென்னை வைக்க வேண்டாம். மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக் குத்தகைக்கு மேய்ச்சலுக்கு விடுங்கள். கொறங்காட்டைக் குத்தகைக்கு விடுவது எங்கள் பக்கம் காலங்காலமாக உள்ள வழக்கம். குத்தகைப் பணம் பெரிதாக இருக்காது, அதையும் முன்பே சொல்லிவிடுகிறேன். வீடுதான் கட்ட வேண்டும் என்றால் படலுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் சிறிதாகக் கட்டுங்கள்.

ஊரில் நிலம் வைத்திருக்கும் உறவுகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். மாடு இல்லை என்பதற்காகக் காட்டை விற்க வேண்டியதில்லை. மாடு வைத்துக்கொண்டு காடு இல்லாமல் தீவனத்துக்குக் கடன் வாங்குகிறவர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

மாமாவிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசிவரை தரையில் குச்சியால் கீறிக்கொண்டே கேட்டார். "முழுசாக வாங்க ஆள் வந்தால் கொஞ்சம் குறைத்துக்கூடத் தருகிறேன். பையனிடம் ஐப்பசி வரைக்கும் தவணை கேட்கிறேன். அதற்கு மேல் என் கையில் இல்லை" என்றார்.

இன்று காலை அந்த வழியாக வந்தேன். பலகை அப்படியே இருக்கிறது. 'பிரித்தும் தரப்படும்' என்ற வரியின் மேல் மட்டும் யாரோ சுண்ணாம்பை அப்பியிருக்கிறார்கள். படலுக்குள்ளே கிடேரி மேய்ந்துகொண்டிருந்தது. முழுதாக வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ உண்மையான எண்ணம் உள்ளவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து வந்தால் நானே உள்ளே அழைத்துப் போகிறேன். காலைப் பார்த்து வைக்க வேண்டும். முட்டைகள் இன்னும் பொரியவில்லை.