மிரர் லென்ஸைத் திட்டும் முன்

ஒளியைக் கண்ணாடிகளில் பிரதிபலித்துக் குவிக்கும் பழைய 500 மி.மீ. மிரர் லென்ஸ் ஒன்றை வாங்கி, மிரர்லெஸ் கேமராவில் மாட்டி, நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டு "சுத்த சாஃப்ட், பொம்மை லென்ஸ்" என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். அந்த நாலு படமும் தெளிவில்லாமல் போனதற்கு லென்ஸ் காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை வேறு மூன்று: தப்பிய ஃபோகஸ், அதிர்வு, நடுவில் கொதிக்கும் காற்று. இந்த மூன்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், லென்ஸின் சொந்தக் குறை என்று மிஞ்சுவது பழித்துப் பேசப்படுவதில் பாதிகூட இருக்காது என்பது என் கட்சி.

சொந்தக் குறை எது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழையும் ஒளி பின்னால் உள்ள பெரிய கண்ணாடியில் பட்டு, முன்னால் நடுவில் ஒட்டியிருக்கும் சிறு கண்ணாடிக்குப் போய், அங்கிருந்து திரும்பி, பெரிய கண்ணாடியின் நடுத்துளை வழியே சென்சாரை அடைகிறது. ஒளிப்பாதை மடிந்து போவதால்தான் 500 மி.மீ. லென்ஸ் உள்ளங்கை நீளத்தில் அடங்குகிறது. டாம்ரான் எஸ்பி 500 எஃப்/8 சுமார் 600 கிராம்தான். கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி திருப்பி அனுப்புவதால், பழைய மலிவு டெலி லென்ஸ்களில் கிளை ஓரங்களில் தெரியும் ஊதா, பச்சை விளிம்பு இதில் அநேகமாக இருக்காது.

இதற்கு விலை, நடுவில் நிற்கும் அந்தச் சிறு கண்ணாடி. 500 எஃப்/8 என்றால் ஒளித்திறப்பு 500-ஐ எட்டால் வகுத்த 62.5 மி.மீ. நடு மறைப்பு 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பரப்பில் 23 விழுக்காடு போய்விடுகிறது. சாதாரண அலுமினியப் பூச்சு ஒவ்வொரு பிரதிபலிப்பிலும் பத்து விழுக்காட்டுக்கு மேல் விழுங்கும். இங்கே பிரதிபலிப்பு இரண்டு. மொத்தத்தில் சென்சாருக்கு வந்து சேரும் வெளிச்சம் எஃப்/8 அளவு இல்லை, எஃப்/10 பக்கம். அபெர்ச்சரும் மாறாது, திறக்கவும் மூடவும் எதுவும் இல்லை. நடு மறைப்பு கான்ட்ராஸ்டையும் இறக்குகிறது. மிக நுண்ணிய விவரம் பெரிதாக அழிவதில்லை. அதைவிடச் சற்றே பெரிய விவரங்களின் கறுப்பு வெள்ளை வேறுபாடு குறைகிறது. அதனால்தான் படம் சாம்பல் பூத்தது போலத் தெரிகிறது. இதை 'சாஃப்ட்' என்று சொல்வது தவறு. சாஃப்ட் ஆன படத்தை மீட்க முடியாது. கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தை மீட்கலாம்.

ஃபிலிம் காலத்தில் இந்த லென்ஸுக்குக் கெட்ட பெயர் வந்ததில் நியாயம் இருந்தது. ஐஎஸ்ஓ 100 ஃபிலிமும் எஃப்/10 வெளிச்சமும் சேர்ந்தால் ஷட்டர் வேகம் கிடைக்காது. வியூஃபைண்டரில் பாதி இருட்டு, ஃபோகஸ் பார்க்க உதவும் ஸ்பிலிட் பிரிசம் பாதி கறுப்பு. இன்றைய சென்சாரில் ஐஎஸ்ஓ 800 ஒரு பொருட்டே இல்லை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 800 வைத்தால் 1/2000 அளவில் ஷட்டர் கிடைக்கும். மேகம் மூடினால் 1600, 3200 என்று ஏற்றத் தயங்கக் கூடாது. நாய்ஸைப் பிறகு குறைக்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இனி மாட்டும் வேலை. மலிவான மிரர் லென்ஸ்கள் பெரும்பாலும் டி2 என்ற திருகு மவுன்ட்டில் வரும். ஒளியியல் அறிஞர் மக்சுதோவ் 1941-இல் வகுத்த அமைப்பில் பிறந்த சோவியத் எம்டிஓ வகை மிரர் லென்ஸ்கள் பெரும்பாலும் எம்42 என்ற வேறொரு திருகில் கிடைக்கும். (சில எம்டிஓ-க்களின் முகப்பில் 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியின் 'கிராண்ட் பிரீ' பரிசைப் பொறித்திருப்பார்கள். அழகான விஷயம்தான், ஆனால் உங்கள் கையில் உள்ள பிரதி சரியாக இருக்கிறது என்பதற்கு அது சான்று இல்லை.) டி2, எம்42 இரண்டுக்கும் விட்டம் 42 மி.மீ. ஆனால் டி2-வின் மரை இடைவெளி 0.75 மி.மீ., எம்42-வுக்கு 1 மி.மீ. ஒன்றை மற்றொன்றில் திருகினால் ஒன்றரைச் சுற்று போய் இறுகிக்கொள்ளும். அதற்கு மேல் பலம் காட்டினால் மரை போச்சு. ஃபிளாஞ்ச் தூரமும் (லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரையுள்ள தூரம்) வேறு: டி2-வுக்கு 55 மி.மீ., எம்42-வுக்கு 45.46 மி.மீ.

சோனி ஈ, நிகான் இசட், கேனான் ஆர்எஃப், ஃபுஜி எக்ஸ் எல்லாவற்றுக்கும் ஃபிளாஞ்ச் தூரம் 16 முதல் 20 மி.மீ.க்குள் இருப்பதால் வெறும் உலோகக் குழாய் அடாப்டரே போதும். சிக்கல் நிகான் எஃப் மவுன்ட் டிஎஸ்எல்ஆரில் எம்42 மாட்டும்போதுதான். அதன் ஃபிளாஞ்ச் 46.5 மி.மீ., அதாவது சுமார் 1 மி.மீ. அதிகம். இதைச் சரிக்கட்ட உள்ளே ஒரு லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள். மிரர் லென்ஸுக்கு அதை வாங்காதீர்கள். அந்த 1 மி.மீ.யால் 50 மி.மீ. லென்ஸில் 2.4 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் வராது. 500 மி.மீ.யில் அதே 1 மி.மீ. தடுப்பது 240 மீட்டருக்கு அப்பால்தான். அதோடு பல மிரர் லென்ஸ்களில் வெப்பத்தால் உடல் விரிவதற்கு இடம் விட்டு, ஃபோகஸ் வளையம் முடிவிலியைத் தாண்டியும் சுற்றும். அந்த உபரியே பெரும்பாலும் போதும். மலிவு அடாப்டரின் கண்ணாடி, ஏற்கெனவே குறைந்த கான்ட்ராஸ்டை இன்னும் குறைக்கும், அவ்வளவுதான் அதன் பயன்.

அடாப்டரின் உட்சுவர் பளபளப்பாக இருந்தால் கறுப்பு வெல்வெட் காகிதம் ஒட்டுங்கள். இந்தச் சின்ன வேலையின் பலன் படத்தில் கண்ணுக்குத் தெரியும்.

கேமராவில் மூன்று மாற்றம். 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கு' என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் பல பாடிகள் ஷட்டரை அழுத்த விடாது. பாடிக்குள் கை அசைவைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் இருந்தால் ஃபோகல் லெங்த்தைக் கையால் 500 என்று கொடுங்கள். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய கிராப் சென்சாராக இருந்தாலும் 500தான், 750 அல்ல. முன்பு மாட்டிய 50 மி.மீ. லென்ஸின் எண் அப்படியே கிடந்தால், தேவைப்படும் அசைவில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே சென்சார் அசையும். பிறகு "ஸ்டெபிலைசர் வேலை செய்யவில்லை" என்று புலம்பல். மூன்றாவது, அபெர்ச்சர் பிரயாரிட்டி அல்லது மேனுவல். நிகானின் டி3000, டி5000 வரிசை போன்ற தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில், சிப் இல்லாத லென்ஸுக்கு ஒளிமீட்டரே இயங்காது. அங்கே ஹிஸ்டோகிராம் பார்த்து மேனுவலில்தான் ஓட்ட வேண்டும்.

ஃபோகஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாக. எஃப்/8 என்றதும் தெளிவு ஆழம் (முன்பின்னாகத் தெளிவாகத் தெரியும் தூரம்) தாராளமாக இருக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஃபுல் ஃபிரேமில் 500 மி.மீ., 10 மீட்டர் தூரம் என்றால் மொத்த ஆழம் 19 செ.மீ. அதுவும் பழைய ஃபிலிம் கணக்கு. திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிற இன்றைய பழக்கத்துக்கு அதில் பாதிகூடத் தேறாது. பறவையின் கண் தெளிவாக இருந்தால் வால் கலங்கியிருக்கும்.

ஃபோகஸ் பீக்கிங்கை மட்டும் நம்பாதீர்கள். அது கான்ட்ராஸ்டைப் பார்த்து நிறம் பூசுகிறது. இந்த லென்ஸில் கான்ட்ராஸ்ட்தான் பற்றாக்குறை. ஒன்று, எங்கேயும் நிறம் வராது. இல்லாவிட்டால் ஃபோகஸ் தப்பிய கிளைகளின் இரட்டைக் கோடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ரா ஃபார்மட்டில் எடுத்துக்கொண்டு, கேமராவின் பிக்சர் ஸ்டைலைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, கான்ட்ராஸ்டையும் ஷார்ப்னெஸையும் உச்சத்தில் வையுங்கள். ரா ஃபைலில் நிறம் அப்படியே இருக்கும். திரையில் மட்டும் விளிம்புகள் பளிச்சென்று தெரியும். பிறகு 5 மடங்கு, 10 மடங்கு பெரிதாக்கி, தெளிவான இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நிறுத்துங்கள். அசையாத பொருளாக இருந்தாலும் வளையத்தை மயிரிழை நகர்த்தியபடி ஐந்தாறு படங்கள் தொடர்ச்சியாக எடுப்பது நல்லது. அவற்றில் ஒன்று மற்றவற்றைவிடத் தெளிவாக இருக்கும், அதுதான் லென்ஸின் உண்மையான தரம். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் லைவ் வியூவுக்குப் போய்விடுங்கள்; ஃபோகஸ் சரியானதும் 'பீப்' அடிக்கும் சிப் அடாப்டர் எஃப்/10 வெளிச்சத்தில், நடுவில் ஓட்டையுள்ள ஒளிக்கற்றையில், நம்பும்படி வேலை செய்வதில்லை.

கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும் என்பதற்கு விதிவிலக்கு, 1989-இல் வந்த மினோல்டா ஏஎஃப் 500 எஃப்/8. 35 மி.மீ. உலகில் ஆட்டோஃபோகஸ் செய்த மிரர் லென்ஸ் அது. ஆனால் அதை இயக்கும் மோட்டார் பாடியிலோ அடாப்டரிலோ இருந்தால்தான் அந்தப் பெருமை. மோட்டார் இல்லாத அடாப்டரில் அதுவும் கையால் சுற்றுகிற லென்ஸ்தான்.

அதிர்வு. இவ்வளவு இலகுவான 500 மி.மீ. கையில் நிலையாக நிற்காது. கனம் இல்லாததே இங்கே பாதகம். ஸ்டெபிலைசர் இல்லாமல் கையில் பிடித்தால் 1/1000-க்குக் கீழே போகாதீர்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அசையாத பொருளுக்கு 1/250 வரை முயலலாம், அதிலும் சில படங்கள் வீணாகும். ட்ரைபாடில் வைத்தால் ஸ்டெபிலைசரை அணைத்து, 2 வினாடி டைமரும், தொடக்கத்தில் ஷட்டர் திரை அசையாமல் இருக்க எலக்ட்ரானிக் முதல் திரையும் போடுங்கள். 1/30 முதல் 1/200 வரையுள்ள வேகங்களில் மெக்கானிக்கல் ஷட்டர் அடிக்கும் அதிர்வே படத்தை இரட்டிக்கப் போதும். லென்ஸிலேயே ட்ரைபாட் கால் இருந்தால் அதைத்தான் மாட்ட வேண்டும், பாடியை அல்ல.

காற்றின் சேட்டை எந்த 500 மி.மீ.க்கும் பொது, பழி மட்டும் மிரர் லென்ஸுக்கு. வெயில் ஏறியபின் தார்ச்சாலைக்கு மேலாகவோ கான்கிரீட் தளத்துக்கு மேலாகவோ 200 மீட்டர் தள்ளியுள்ள பொருளை எடுத்தால் எந்த லென்ஸாலும் தெளிவு தர முடியாது. அடுத்தடுத்து எடுத்த பத்துப் படங்களில் ஒவ்வொன்றும் வேறுவேறு இடத்தில் கலங்கியிருந்தால் காரணம் காற்று. எல்லாம் ஒரே மாதிரி கலங்கியிருந்தால் ஃபோகஸையோ லென்ஸையோ பாருங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் குழாய்க்குள் அடைபட்ட காற்றும் கண்ணாடியும் வெளி வெப்பத்துக்கு வர அரை மணி நேரமாவது ஆகும். எடுத்தவுடன் சோதனைப் படம் எடுப்பதில் பொருளில்லை.

போக்கே (ஃபோகஸ் கலங்கிய பின்னணி) வளையங்கள். பின்னணியில் வெளிச்சப் புள்ளிகள் இருந்தால் டோனட் வரும், கிளைகள் இரட்டைக் கோடாகும். ஃபில்டரோ மென்பொருளோ இதை ஒழுங்காகத் தீர்ப்பதில்லை. இடத்தை மாற்றுவதுதான் வழி. இலைகளுக்கு நடுவே வானம் பொத்தல் பொத்தலாகத் தெரியும் பின்னணி மோசம், அலையடிக்கும் நீர் அதைவிட மோசம். நிழலில் உள்ள சுவர், தூரத்து மலை, வெறும் வானம், சீரான புல்வெளி எல்லாம் நல்லவை. இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் பின்னணியே மாறிவிடும். நிலா என்றால் பின்னணிக் கவலையே இல்லை: 500 மி.மீ.யில் சென்சாரில் நிலாவின் விட்டம் சுமார் 4.5 மி.மீ., முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 400, 1/400-இல் தொடங்கலாம். தும்பி, பட்டாம்பூச்சிக்கும் இந்த லென்ஸ் கை கொடுக்கும். அந்த டாம்ரான் 1.7 மீட்டர் வரை நெருங்கி 1:3 பெரிதாக்கம் தருகிறது. சுமார் 11 செ.மீ. அகலம் ஃபிரேமை நிரப்பும், பூச்சியும் பறந்து போகாது. பறக்கும் பறவைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முடியாது என்றில்லை, பத்தில் எட்டு வீணாகும்.

சூரியனை நோக்கி மட்டும் திருப்பவே கூடாது, முன்பக்கம் முழுவதையும் மூடும் சூரிய ஃபில்டர் இல்லாமல். பின்பக்கச் சிறு ஃபில்டரில் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சமாளிக்கலாம் என்பது ஆபத்தான யோசனை. குவிந்த வெப்பம் அதை உடைக்கலாம், அடுத்த கணம் சென்சார். ஆப்டிகல் வியூஃபைண்டர் என்றால் கண்.

பின் ஃபில்டர் என்றதும் இன்னொன்று. டாம்ரானில் 30.5 மி.மீ., ரிஃப்ளெக்ஸ் நிக்கோர் 500 எஃப்/8-இல் 39 மி.மீ. என்று பின்னால் திருகும் கண்ணாடி அலங்காரத்துக்கு இல்லை. லென்ஸின் கணக்கில் அதுவும் ஓர் உறுப்பு. 2 மி.மீ. கண்ணாடியை எடுத்துவிட்டால் ஃபோகஸ் தளம் 0.7 மி.மீ. அளவில் முன்னால் நகரும். முடிவிலி எட்டாமல் போகலாம். வேறு ஃபில்டர் வேண்டாம் என்றால் தெளிந்த கண்ணாடியாவது இருக்க வேண்டும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான், ஏனென்றால் அதிகம் தொலைந்து போகிற உறுப்பு இது.

அடுத்து டார்ச் அடித்து உள்ளே ஃபங்கஸ் பாருங்கள். நாலைந்து தூசி, முன்கண்ணாடியில் ஒரு கீறல் இதெல்லாம் படத்தில் தெரியாது. பெரிய கண்ணாடியின் பூச்சு ஓரத்திலிருந்து உரிந்திருந்தால் வேண்டாம். சோவியத் லென்ஸ்களில் கிரீஸ் கெட்டியாகி ஃபோகஸ் வளையம் நகர மறுப்பது சகஜம், அது சரிசெய்யக்கூடியது. கண்ணாடிகள் நேராக இருக்கின்றனவா என்பதற்கு, இருட்டில் 50 மீட்டர் தள்ளி ஒற்றை எல்இடி விளக்கை வைத்து, ஃபிரேமின் நடுவில் கொண்டுவந்து, ஃபோகஸைக் கலையுங்கள். வளையம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஓட்டை ஒருபுறம் ஒதுங்கியிருந்தால் கண்ணாடி சாய்ந்திருக்கிறது. வட்டம் முக்கோணமாகவோ முட்டையாகவோ தெரிந்தால் பிடிவளையம் கண்ணாடியை நெரிக்கிறது. ஃபிரேமின் ஓரத்தில் வளையம் பிறையாகத் தெரிவது இயல்பு, அதை வைத்து விலை பேசாதீர்கள்.

ஹூட் இல்லாமல் வந்தால் கறுப்பு அட்டையில் 15 செ.மீ. குழாய் ஒன்று செய்து மாட்டுங்கள். பக்கவாட்டு ஒளிதான் இந்த லென்ஸின் கான்ட்ராஸ்டை அதிகம் தின்பது. டெலிகன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். இரட்டிப்பு போட்டால் வெளிச்சம் எஃப்/20 அளவுக்கு இறங்கும், எஃப்/8-இலேயே டிஃப்ராக்‌ஷனால் (ஒளி விளிம்பில் வளைவதால்) ஒரு புள்ளி விரியும் வட்டம் 10 மைக்ரான் தாண்டிவிட்ட நிலையில் புதிய விவரமும் அநேகமாக எதுவும் வராது.

எடிட்டிங்கில் முதலில் பிளாக் பாயின்ட்டை ஹிஸ்டோகிராமின் இடது விளிம்பு வரை இழுங்கள், பிறகு கான்ட்ராஸ்ட், பிறகு கொஞ்சம் டீஹேஸ், ஷார்ப்னெஸ் கடைசியில். முதலிலேயே ஷார்ப்னெஸ் ஏற்றினால் டோனட் விளிம்புகள்தான் கூர்மையாகும். ஃபுல் ஃபிரேமில் நடு வெளுத்து ஓரம் இருண்டால், அதே லென்ஸில் ஃபோகஸ் கலைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர இருட்டைச் சமன் செய்யும் ஃபிளாட் ஃபீல்ட் திருத்தம் உள்ள மென்பொருளில் அந்த ஒரு படமே பிறகு எடுக்கும் எல்லாப் படங்களுக்கும் உதவும், அபெர்ச்சர் மாறாத லென்ஸ் என்பதால்.