பைரேட்ஸை விட்டுட்டு வேற டீம் பாக்கச் சொல்றவங்களுக்கு

பிட்ஸ்பர்க்ல இருந்துகிட்டு பைரேட்ஸ் ஃபேன்னு சொன்னா நம்ம ஆளுங்களே ஒரு மாதிரி பாக்குறாங்க. பேஸ்பால்தான் வேணும்னா யாங்கீஸ், டாட்ஜர்ஸ்னு ஜெயிக்கிற டீமா பாத்துக்கோயேன்னு அட்வைஸ் வேற. கேக்கும்போதெல்லாம் பத்திகிட்டு வருது. இது நான் வாழுற ஊரோட டீம்ங்க, எப்படி விட்டுட்டுப் போறது?

தோக்கறது எனக்குப் பிரச்சினையே இல்ல. சீசனுக்கு 162 மேட்ச், சாம்பியன் ஆகுற டீமே அம்பது அறுபது மேட்ச் தோத்துட்டுதான் கப்பைத் தூக்குது. 1992ல நேஷனல் லீக் ஃபைனல் ஏழாவது மேட்ச்ல அட்லாண்டாவுக்கு எதிரா நம்ம டீம் கடைசி இன்னிங்ஸுக்கு 2-0 லீடோட போயிட்டு 3-2ன்னு தோத்தாங்க, அதோட நம்ம ஸ்டார் பிளேயர் பாரி பாண்ட்ஸும் சான் ஃபிரான்சிஸ்கோ போயிட்டார், அப்புறம் 1993ல இருந்து 2012 வரைக்கும் தொடர்ந்து 20 சீசன், ஒரு தடவை கூட பாதி மேட்ச் ஜெயிக்கல. அத்தனை வருஷமும் டிக்கெட் வாங்கி வந்து உக்காந்த ஜனம் இந்த ஊர்ல இருக்கு.

அவங்களுக்குன்னே வந்த ராத்திரிதான் 2013 அக்டோபர் 1. சின்சினாட்டி கூட ஒரே மேட்ச், தோத்தா வெளிய. ஸ்டேடியம் முழுக்க கறுப்புச் சட்டை, சின்சினாட்டி பிட்ச்சர் (பந்து வீசுறவர்) பேரை "க்வேட்டோ... க்வேட்டோ"ன்னு இழுத்து இழுத்து கத்துறாங்க, அவர் கையில இருந்த பந்து நழுவி கீழ விழுது, அடுத்த பந்தையே நம்ம ரஸ்ஸல் மார்ட்டின் தூக்கி ஸ்டாண்டுல போட்டார்! இப்பவும் அந்த வீடியோவைப் பாத்தா எனக்குப் புல்லரிக்கும்.

என் கோவமெல்லாம் ஜெயிக்க முயற்சியே பண்ணாத நிர்வாகத்து மேலதான். பால் ஸ்கீன்ஸ் மாதிரி ஒரு பிட்ச்சர் ஒரு டீமுக்கு எப்பவாவதுதான் கிடைப்பார். 2025ல அவரோட ஈஆர்ஏ 1.97, அதாவது ஒம்பது இன்னிங்ஸுக்கு ரெண்டு ரன் கூட குடுக்கல, லீக்கோட சிறந்த பிட்ச்சருக்குக் குடுக்குற சை யங் விருதே வாங்கிட்டார். அவர் கணக்குல எத்தனை வெற்றி தெரியுமா? 10 வெற்றி, 10 தோல்வி. மே மாசம் ஃபிலடெல்ஃபியால எட்டு இன்னிங்ஸும் தனியாளா வீசினார், குடுத்தது ஒரே ரன், மேட்ச் 1-0ன்னு போச்சு. முப்பது டீம்லயே கம்மியா ஹோம் ரன் (பந்தைத் தூக்கி சுவத்தைத் தாண்டி அடிக்கிறது) அடிச்சது நாமதான். அடிக்க ஆள் வாங்குங்கன்னா பணம் இல்லையாம்.

பேஸ்பால்ல சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, பெரிய ஊர் டீமுக்கு டிவி காசு கொட்டுது, டாட்ஜர்ஸ் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு கூட நம்ம டீம் குடுக்கல, எல்லாம் சரி. ஆனா மில்வாக்கி நம்மள விட சின்ன மார்க்கெட்தானே, 2025 ரெகுலர் சீசன்ல லீக்லயே அதிக மேட்ச் ஜெயிச்சது அவங்கதானே? அப்புறம் என்ன சின்ன மார்க்கெட்னு சாக்கு.

அதே வருஷம் ஏப்ரல்ல நம்ம ஸ்டேடியத்தோட ரைட் ஃபீல்டு சுவத்துல இருந்த, நம்ம டீமோட பழைய ஜாம்பவான் ராபர்ட்டோ க்ளெமெண்டேயோட ஜெர்சி நம்பர் 21ஐ எடுத்துட்டு விளம்பரம் ஒட்டினாங்க பாருங்க, அதை என்னால ஜீரணிக்கவே முடியல. நிகராகுவா பூகம்பத்துல பாதிக்கப்பட்டவங்களுக்கு நிவாரணச் சாமான் எடுத்துட்டுப் போகும்போது 1972 டிசம்பர் 31ல விமானம் கடல்ல விழுந்து 38 வயசுல செத்த மனுஷன். அந்தச் சுவரே அவர் நம்பருக்காக 21 அடி உயரத்துல கட்டினது. ஊரே கொதிச்சு எழுந்துச்சு, அவர் பையனும் வருத்தத்தைச் சொன்னார், விளம்பரம் போய் நம்பர் திரும்ப வந்துச்சு. ஃபேன்ஸ் சத்தம் போட்டா நடக்குது!

அதனாலதான் ஸ்டேடியத்துல ஓனரைப் பாத்து "டீமை வித்துடு"ன்னு கோஷம் வரும்போது நானும் சேந்து கத்துறேன். டீமை வெறுக்குறவன் எதுக்கு தொண்டை கிழிய கத்தப் போறான், டிவியை ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவான். 2018 ஜனவரில நம்ம ஸ்டார் பிளேயர்ஸ் ஜெரிட் கோலையும் ஆண்ட்ரூ மெக்கட்சனையும் ஒரே வாரத்துல வேற டீமுக்கு அனுப்பி வச்சாங்க, கோல் பிற்பாடு யாங்கீஸ்ல சை யங் வாங்கினார். ஸ்கீன்ஸுக்கும் அதையே பண்ணிடாதீங்க, காசு எவ்ளோ ஆனாலும் சரி, அவரை இங்கயே வைங்க, அவருக்கு ரன் அடிச்சுக் குடுக்க நாலு பேரை வாங்குங்க.

அவர் வீசப்போற அடுத்த ஹோம் மேட்ச்சுக்கு நான் போறேன். பிட்ஸ்பர்க் பக்கம் யாராச்சும் வர்றீங்கன்னா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, டிக்கெட் சேத்துப் போட்டுடலாம்.