நரைக்காத தலைமயிரும் சாம்பல் பூத்த கறுப்பும்

பரந்தன் பக்கமிருந்து ஓர் அம்மா தன் கணவரின் பழைய தேசிய அடையாள அட்டையை என்னிடம் கொண்டுவந்தார். இடம்பெயர்ந்த இடங்களிலெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவந்ததில் வீட்டு அல்பங்கள் எதுவும் மிஞ்சவில்லை. அவர் கையில் எஞ்சியிருந்த ஒரே முகம் அந்த அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படந்தான். திவசத்துக்கு முன் அதனை 12×18 அங்குல அளவில் பெரிதாக்கித் தரும்படி கேட்டார். அச்சிட்டுக் கொடுத்தபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இவருக்குத் தலைமயிர் நரைக்கேல்லையே" என்றார். அவர் சொன்னது சரி. கணினித் திரையில் கருகருவென்றிருந்த முடி, கடதாசியில் சாம்பல் பூத்திருந்தது.

வன்னியில் படம் அச்சிடும் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அச்சுப்பொறி வாங்கும்போது முதலில் விசாரிப்பது மைத்துளியின் அளவைத்தான். துளி எவ்வளவு சிறிதோ, படம் அவ்வளவு தரம் என்பது பரவலான நம்பிக்கை. நானும் பல காலம் அப்படித்தான் நம்பினேன். கறுப்பைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பிழை என்பதே இப்போது என் உறுதியான கருத்து.

மைத்துளியை அளப்பது பிக்கோ லீற்றரில். ஒரு பிக்கோ லீற்றர் என்பது ஒரு லீற்றரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. 1.5 பிக்கோ லீற்றர்த் துளி காற்றில் உருண்டையாகப் பறக்கும்போது அதன் விட்டம் ஏறக்குறைய 14 மைக்கிரோன் (ஒரு மைக்கிரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு). 4 பிக்கோ லீற்றர்த் துளிக்கு அது ஏறக்குறைய 20 மைக்கிரோன். கடதாசியில் விழுந்தபின் துளி எவ்வளவு பரவும் என்பதைக் கடதாசியின் மேற்பூச்சும் மையின் தன்மையும் தீர்மானிக்கின்றன. அங்குலத்துக்கு 1440 புள்ளிகள் என்றால் இரு புள்ளிகளுக்கிடையே 17.6 மைக்கிரோன் தூரம் இருக்கும். வட்டப் புள்ளிகள் சதுரக் கட்டங்களில் அமர்வதால், விட்டமும் அதே 17.6 ஆக இருந்தால் மூலைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளையாகவே கிடக்கும். முழுவதும் மூட வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளியும் 25 மைக்கிரோன் அளவுக்காவது பரவ வேண்டும்.

அந்தச் சிறு வெள்ளை எவ்வளவு கேடு செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மை உறைத்தது. கறுப்பின் அடர்த்தி மடக்கை அளவில் சொல்லப்படுவது; எண் கூடக்கூடக் கறுப்பும் கூடும்: விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு திரும்பினால் அடர்த்தி 2.0, நூற்றில் அரைப் பங்கு திரும்பினால் 2.3. நல்ல பளபளப்புக் கடதாசியில் 2.3 எட்டக்கூடிய அளவுதான். ஆனால் 90 சதவீத ஒளியைத் திருப்பும் வெள்ளைக் கடதாசியில் வெறும் 2 சதவீத இடம் மை படாமல் விடுபட்டாலே, அந்த 2.3 ஏறக்குறைய 1.64 ஆக இறங்கிவிடும். கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அந்த இடைவெளிகள்தான் முடியை நரைக்க வைக்கின்றன. சிறு துளிக்கு உந்தம் குறைவு என்பதால் காற்றின் தடையில் அது எளிதாக இடம் விலகவும் செய்யும். இதனாலேயே ஒரே படத்தில் வெளிர்ந்த இடங்களுக்குச் சிறு துளியும் இருண்ட இடங்களுக்குப் பெரிய துளியும் இடும் வகையில், மையைத் துளியாகத் தெளிக்கும் அச்சுத்தலைகளை அமைக்கிறார்கள்.

சிறு துளியின் உண்மையான பயன் கன்னத்திலும் நெற்றியிலும் வெள்ளை வேட்டியின் மடிப்பிலும்தான். அங்கே பெரிய கறுப்புப் புள்ளிகள் தூரதூர விழுந்தால் முகத்தில் மணல் அப்பியதுபோல இருக்கும். ஆயினும் அதற்குங்கூட துளியைச் சிறிதாக்குவது ஒன்றே வழியல்ல. எப்சன் ஆர்1800 அச்சுப்பொறியின் மிகச் சிறிய துளி 1.5 பிக்கோ லீற்றர்; 2005 இல் வந்த ஆர்2400 இல் அது 3.5. அப்படியிருந்தும் கறுப்பு வெள்ளைக்குப் பெயர் பெற்றது ஆர்2400 தான், ஏனெனில் அதில் கறுப்பு, வெளிர் கறுப்பு, மிக வெளிர் கறுப்பு என மூன்று அடர்த்தியில் மை இருந்தது. ஒரே கறுப்புடன் வண்ண மைகளைக் கலந்து சாம்பல் உண்டாக்கும் அச்சுப்பொறிகளில், கடைக்குள் நடுநிலையாகத் தெரிந்த படம் வெயிலில் சிவப்போ பச்சையோ காட்டுவதை இத்தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள்.

அதற்காக மையை அள்ளிக் கொட்டுவதும் தீர்வாகாது. ஒவ்வொரு கடதாசிக்கும் அது ஏற்கும் மையின் அளவு உண்டு. அதனைத் தாண்டினால் கறுப்பு மேலும் கறுக்காது. மை தேங்கும், விளிம்பு கசியும். பளபளப்பற்ற கடதாசி, அதற்குரிய கறுப்பு மையுடனேயே, பெரும்பாலும் 1.6 அல்லது 1.7 அடர்த்தியோடு நின்றுவிடும். வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துள் மாட்டும் படத்துக்குப் பளபளப்புக் கடதாசியையே நான் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம்.

அந்த அம்மாவின் படத்தில் நடந்த தவறு முழுவதும் என்னுடையது. சோளகம் வீசும் மாதத்தில், புழுதி படிந்து மை காயும் என்று தெரிந்தும், அச்சுத்தலையைச் சோதிக்காமலே அச்சிட்டிருந்தேன். கணினியில் கடதாசி வகையையும் மாற்றித் தெரிவுசெய்யவில்லை. உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தபோது கறுப்புக்குள் மயிரிழைபோல வெள்ளைக் கோடுகள் ஓடின. அச்சுத்தலையைத் துப்புரவாக்கி, சோதனைக் கோடுகள் அறாமல் வந்தபின், கடதாசி வகையைச் சரியாகத் தெரிவுசெய்து, முதலில் ஒரு 4×6 துண்டில் வெறும் கறுப்பை மட்டும் அச்சிட்டு ஒரு நாள் காயவிட்டேன். அதில் வெள்ளை எதுவும் தெரியவில்லை என்று கண்ணாடியால் உறுதிசெய்த பிறகே முகத்தை அச்சிட்டேன். முதற் படத்துக்கு வாங்கிய காசையும் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.