மேயருக்குத் தனி ஓட்டு உண்டா?

மாநகராட்சித் தேர்தல் பேச்சு எழுந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: "ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. ஒன்று கவுன்சிலருக்கு, இன்னொன்று மேயருக்கு." தமிழ்நாட்டில் இப்போதைய நடைமுறைப்படி இது தவறு.

நமக்கு ஒரே ஓட்டுதான், வார்டு கவுன்சிலருக்கு. வென்ற கவுன்சிலர்கள் கூடி, தங்களில் ஒருவரை மேயராக்குகிறார்கள். 2022-இல் அப்படித்தான் நடந்தது: பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, மார்ச் 4 மேயர் தேர்வு. 74-வது வார்டில் வென்ற பிரியா சென்னை மேயரானதும் இப்படித்தான்.

செய்தியைப் பரப்புகிறவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். சென்னை மேயர்களாக இருந்த ஸ்டாலினும் சைதை துரைசாமியும் அப்படி வந்தவர்கள்தான். இடையில் 2006-இல் மறைமுகத் தேர்தல், அதாவது கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை. 2016-க்குப் பிறகும் சட்டம் இப்படியும் அப்படியும் மாறி, 2019 நவம்பர் அவசரச் சட்டத்தில் மறுபடி மறைமுகத்துக்கே வந்து நின்றது. இத்தனை தடவை மாற்றினால் யாருக்குத்தான் குழம்பாது? போதாக்குறைக்கு, ஊராட்சிகளில் ஒருவருக்கு நான்கு ஓட்டு வேறு.

சரி, இதனால் என்ன? வேட்பாளரின் வாக்குறுதியைப் படிக்கும் விதம் மாறுகிறது. தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் என்றால் கவுன்சிலரைப் பிடித்துக் கேட்கலாம். ரேஷன் கடையோ மாநகரப் பேருந்தோ மாநகராட்சியின் கையில் இல்லை. சென்னையில் குடிநீர்கூடத் தனி வாரியத்தின் பொறுப்பு.