யாழ்ப்பாணம் என்று எழுத 33 பைட்

ஒரு கோப்பு அனுப்பும் மென்பொருள் என் ஐந்து இரவுத் தூக்கத்தைத் தின்றுவிட்டது. ஐந்தாம் நாள் விடியும் நேரத்தில்தான் பிழை எங்கே என்று பிடிபட்டது. பிடிபட்டதும் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து பழைய சிறப்பு மலர்களை ஸ்கான் செய்து, வெளிநாட்டில் உள்ள ஒரு சேர்வருக்கு ஏற்றி வருகிறேன். கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், இறந்தவர் நினைவாக அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவேன். 1981இல் நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்த ஊர் இது. ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் சைக்கிளில் வந்து, பொலித்தீன் பையில் சுற்றிய மலரை நீட்டி, "தம்பி, இதற்கு வேறு பிரதி இல்லை" என்று சொன்னால் அன்றிரவே அதை ஏற்றிவிடத்தான் மனம் துடிக்கும்.

ஏற்ற முடியவில்லை. வரிசையில் இருநூறு கோப்புகளைப் போட்டால் பாதி வழியில் மென்பொருள் செத்து விழுந்தது. விழுந்த இடத்தில் இருந்த கோப்பை நீக்கினேன், அடுத்ததில் விழுந்தது. அதையும் நீக்கினேன், அதற்கடுத்ததில் விழுந்தது. மின்சாரத்தைச் சந்தேகித்தேன், ரவுட்டரைச் சந்தேகித்தேன். கணினியின் நினைவகம் பழுதாக இருக்கும் என்று நினைத்து, கையில் இருந்த காசைக் கொடுத்துப் புதிது வாங்கிப் பூட்டினேன். பிழை அசையவில்லை.

மூல நிரல் திறந்துதான் கிடக்கிறது, எடுத்துத் தொகுத்து, அதாவது ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றிப் பார்க்கலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. ஒரு சார்பை, அதாவது நிரலின் ஒரு செயல் துண்டை, முன்கூட்டி அறிவிக்காமல் அழைத்தால் பழைய தொகுப்பிகள் எச்சரிக்கையோடு விட்டுவிடும். 2024இல் வந்த ஜிசிசி 14 தொகுப்பி அதைப் பிழை என்று நிறுத்திவிடுகிறது. இந்த நிரலில் அப்படிப்பட்ட அழைப்புகள் பக்கத்துக்குப் பக்கம். அவற்றைத் திருத்தவே ஓர் இரவு போயிற்று. அடுத்த இரவு வால்கிரைண்டில் ஓட்டினேன். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அந்தக் கருவிகூட விழும் இடத்தைக் காட்டியதே தவிர, எதனால் கெட்டது என்று வாய் திறக்கவில்லை.

கடைசியில் ஓடும் நிரலை இடையில் நிறுத்திப் பார்க்கும் ஜிடிபி என்ற கருவியில் நிறுத்தினேன். அடுத்த கோப்பின் விவரம் நினைவகத்தில் எங்கே என்று காட்டும் முகவரி உடைந்திருந்தது. அதன் எட்டு பைட்டுகளையும் (பைட் என்பது நினைவகத்தின் சிறு அலகு) ஒவ்வொன்றாக எண்ணாக அச்சிட்டேன். 224, 174, 149, 224, 174, 190, 224, 174.

தமிழை யூனிகோடில் கையாண்டவர்களுக்கு அந்த 224, 174 பழகிய முகம். தமிழ் எழுத்துகளில் பெரும்பாலானவை யுடிஎப்-8 என்ற குறிமுறையில் அப்படித்தான் தொடங்கும். 224, 174, 149 என்றால் 'க'. 224, 174, 190 என்றால் துணைக்கால் (ா). இரண்டும் சேர்ந்தால் 'கா'. மிச்சம் இருக்கும் இரண்டும் அடுத்த எழுத்தின் முதல் இரண்டு பைட்டுகள். அடுத்த கோப்பு எங்கே என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கா' உட்கார்ந்திருக்கிறது! உடைவதற்கு முன் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த கோப்பின் பெயரைப் பார்த்தேன். மாஸ்டர் தந்த சனசமூக நிலைய ஆண்டு மலர். நீண்ட பெயர், கடைசிச் சொல் காங்கேசன்துறை.

கோப்பின் பெயருக்கு 128 பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை ஒட்டியே அடுத்த கோப்பின் முகவரி. பெயரைப் பைட் பைட்டாக நகலெடுக்கும் வரிகளில் எல்லையைப் பார்க்கும் சோதனை எதுவும் இல்லை. பெயர் நீண்டால் முகவரி மீது ஏறி மிதித்துவிடும். எல்லாம் ஒரே நினைவகத் துண்டுக்குள் நடப்பதால்தான் இந்த எல்லை மீறல் வால்கிரைண்டுக்கும் தெரியவில்லை.

128 யாருக்குப் போதும்? ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு எழுத்து, ஆறு பைட். தமிழில் யாழ்ப்பாணம் என்று எழுதினாலும் கண்ணுக்கு ஆறு எழுத்துத்தான். உள்ளே 33 பைட். அதை நான்கு தரம் எழுதினால் 132, மென்பொருள் காலி. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடம் தருகிறது. அது தரும் இடத்தை இவர்கள் பாதியாக வெட்டிவிட்டு, வெட்டியதைச் சொல்லவும் இல்லை.

"பெயரை ஆங்கிலத்தில் வைத்தால் முடிந்தது" என்று இரண்டு நண்பர்கள் சொன்னார்கள். முடியாது. இந்த மலர்களை நாளை தேடப்போகும் பிள்ளை தமிழில்தான் தேடும். ழகரத்தையும் ளகரத்தையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்தால், காப்பாற்றிய மலரை நாமே தொலைத்தவர்கள் ஆவோம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் வயிறு எரிவது வேறு விடயத்துக்கு. ஆறு வருடங்களுக்கு முன்பே தாய்லாந்து மொழிப் பெயர்களோடு ஒருவர் இதே பிழையில் விழுந்து, கண்டுபிடித்து, நான்கு வரித் திருத்தத்தோடு முறைப்பாடு கொடுத்திருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. அறுபது நாட்களின் பின் ஒரு தானியங்கி வந்து, அசைவில்லை என்று காரணம் காட்டி அதை மூடிப் பூட்டியிருக்கிறது. அசைய வேண்டியவர் யார்? அந்த மனிதரா?

மென்பொருளை எழுதியவரை நான் திட்டவில்லை. ஒரு சதம் வாங்காமல் பல வருடங்கள் உழைத்தவர். களைத்திருப்பார், குடும்பம் இருக்கும். பராமரிக்கும் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்றும் சொல்லமாட்டேன். களைத்துப்போன ஒருவரிடம் நல்லவர்போல் வந்து சேர்ந்தவர் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸெட் மென்பொருளுக்குள் கள்ளக் கதவு வைத்தது 2024இல் வெளிவந்தது. ஆனால் "இதை இனி நான் பராமரிப்பதில்லை" என்று முகப்பில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வரி இருந்திருந்தால் முதல் நாளே வேறொன்றுக்கு மாறியிருப்பேன். முகப்பில் இன்றைக்கும் "பிழைகளை அறிவியுங்கள், வரவேற்கிறோம்" என்றுதான் இருக்கிறது. வரவேற்க ஆளில்லாத வீட்டு வாசலில் ஏன் அந்தப் பலகை?

நேற்று அதிகாலை அந்த நான்கு வரிகளைப் போட்டுத் தொகுத்தேன். இருநூறும் ஏறின. காங்கேசன்துறை மலர் ஓர் எழுத்தும் குறையாமல் தன் பெயரோடு அங்கே இருக்கிறது. பூட்டிய முறைப்பாட்டின் கீழ் எழுத வழியில்லாததால் புதிதாக ஒன்று திறந்து, தாய்லாந்து மொழிக்காரரின் திருத்தத்தை அவர் பெயரோடேயே இணைத்திருக்கிறேன். அறுபது நாளில் தானியங்கி வந்து மூடும். மூடினால் மறுபடியும் திறப்பேன்.