எல்லைக் கல்லை நடுபவர்கள் யாரிடம் கேட்க வேண்டும்?

மழைக்காடு என்றதும் எமக்கு இலங்கையின் சிங்கராஜா வனம்தான் நினைவுக்கு வரும். கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் குளிருக்குள்ளும் ஒரு மழைக்காடு விரிந்து கிடக்கிறது. கிரேட் பெயார் மழைக்காடு எனப்படும் அந்த வனத்தின் பரப்பு ஏறத்தாழ 64 இலட்சம் ஹெக்டேயர். எங்கள் இலங்கைத் தீவு முழுவதற்கும் கிட்டத்தட்டச் சமம்.

பசிபிக்கின் ஈரக்காற்று கரையோர மலைகளில் மோதிப் பொழியும் மழையில் ஆயிரம் ஆண்டு கடந்த சீடர் மரங்கள் அங்கே நிற்கின்றன. முட்டையிட ஆறேறி வரும் சல்மன் மீன்களைக் கரடிகள் பிடித்துக் காட்டுக்குள் இழுத்துச் சென்று தின்ன, எஞ்சியது மண்ணில் மக்கி, கடலிலிருந்து வந்த நைதரசன் மரங்களுக்கு உரமாகிறது. ஆய்வாளர்கள் அதை மரங்களிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

1990களில் மரம் வெட்டும் நிறுவனங்களுக்கு எதிராக எழுந்த போராட்டங்களும், நீண்ட பேச்சுவார்த்தைகளும் 2016ஆம் ஆண்டு உடன்பாட்டில் முடிந்தன. காட்டின் 85 சதவீதத்தில் வணிக மரவெட்டு நிறுத்தப்பட்டது. என்னைக் கவர்ந்தது இந்த எண் அல்ல. அந்த மேசையில் மாகாண அரசோடு 26 முதற்குடிச் சமூகங்களும் உரிமையுள்ள தரப்பாக அமர்ந்திருந்தன என்பதே. சீடர் மரத்தைச் சாய்க்காமல் பட்டையை மட்டும் உரித்தெடுத்த அவர்களது முன்னோரின் தழும்புகள் இன்றும் உயிரோடுள்ள மரங்களில் இருக்கின்றன. அந்த மக்கள் அங்கு வாழ்ந்ததற்கு அவையே சான்று. இன்று அச்சமூகங்களின் காவலர்களே படகில் சென்று தமது கரையையும் ஆறுகளையும் கண்காணிக்கிறார்கள்.

திருகோணமலையில் நாம் காண்பது வேறு. போரில் இடம்பெயர்ந்தவர்கள் திரும்பி வந்தபோது, பற்றை மண்டிய தமது வயல் வனமாகக் குறிக்கப்பட்டிருப்பதை அரசு நட்ட எல்லைக் கல்லைப் பார்த்தே அறிந்துகொண்டனர். காட்டை வெட்டத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முதிரை, பாலை மரங்கள் இரவில் லொறியேறுவது எனக்கும் வயிறெரியும் விடயம். ஆனால் தேனெடுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள் போகிறவனைக் குற்றவாளியாக நடத்திவிட்டால், கடத்தல்காரனைப் பற்றித் தகவல் சொல்ல எவரும் முன்வரமாட்டார்கள்.

வெருகலிலும் மூதூரிலும் இத்தீவின் பூர்வகுடிகளான, தமிழ் பேசும் கரையோர வேடர் சமூகத்தவர் வாழ்கிறார்கள். அவர்களது காட்டறிவை எந்த வரைபடத்தில் சேர்த்திருக்கிறோம்? அடுத்த எல்லை அளவீட்டில் அவர்களது மூப்பர்களும், கிராமத்து விவசாயிகளும், மாட்டுப் பட்டிக்காரரும் ஒப்பமிடும் தரப்பாக இருக்க வேண்டும். வனக் காவல் வேலைக்கும் அந்தக் கிராமங்களின் இளைஞர்களையே முதலில், உரிய சம்பளத்தோடு எடுக்க வேண்டும்.